கழித்தல் குறியோடு திருச்சிக்குப் போனேன்

திருச்சி எனக்கு ஐம்பது வயது வரை ஒரு விமான நிலையம் மட்டும்தான். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள் நான். அப்பாவின் உறவுக்காரர்கள் தஞ்சாவூர்ப் பக்கம். கல்யாணம், காதுகுத்து என்று வரும்போதெல்லாம் திருச்சியில் இறங்கியதும் கார் ஏறிவிடுவோம். இந்த முறை யாருக்கும் கல்யாணமில்லை. ஒரு கழித்தல் குறிக்காக ஆறு நாள் அங்கே தங்கப் போனேன்.

விஷயம் இதுதான். நான் ஒரு ஆய்வுக்கூடத்தில் காந்த மென்படலங்களைச் செய்து அளக்கிறவள். திருச்சிக் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு என்னிடம் மதிப்பீட்டுக்கு வந்தது. எழுதியவர் பெயர் ஷமீமா. அதன் நான்காவது அத்தியாயம், ஐந்து வருஷத்துக்கு முன் நான் வெளியிட்ட ஒரு முடிவுக்கு நேர் எதிராக இருந்தது. அளவெல்லாம் ஏறத்தாழ ஒன்றுதான். குறி மட்டும் மாறியிருந்தது. எனக்குக் கழித்தல், அவருக்குக் கூட்டல். நான் யோசிக்கவே இல்லை. 'படலத்தைக் கவிழ்த்து வைத்து அளந்ததைக் கணக்கில் எடுக்கவில்லை போலும். மீண்டும் அளந்து, திருத்தி அனுப்பவும்' என்று எழுதிவிட்டேன்.

ஒரு வருஷம் கழித்து அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் வைதேகியிடமிருந்து பணிவான ஒரு மின்னஞ்சல் வந்தது. மீண்டும் அளந்துவிட்டோம், அதே முடிவுதான் வருகிறது, முடிந்தால் ஒருமுறை நேரில் வந்து பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தார். நான் செய்த படலச் சில்லுகளில் நான்கை ஒரு சின்னப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஆடி மாதத்தில் புறப்பட்டேன்.

விமான நிலையத்திலேயே மாட்டிக்கொண்டேன். சிங்கப்பூரிலிருந்து வரும் விமானம். சுங்க அதிகாரி ஒரு இளம் பெண். பெட்டியில் என்ன என்று கேட்டார். மறைக்க எதுவுமில்லையே என்று, "கொஞ்சம் தங்கம் கலந்த சில்லு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எந்த ஊர் சுங்கத்தில் நின்று எந்த வார்த்தையைச் சொல்கிறேன் என்று உறைத்தது. என்னைத் தனியாக ஒரு மேசைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே இருந்த பெரியவர் இந்தியில் ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்த வரையில், 'இத்தனை வருஷத்தில் தானாக வந்து தங்கம் இருக்கிறது என்று சொன்ன முதல் ஆள் இந்த அம்மாதான்' என்பது அதன் அர்த்தம்.

நான்கு மில்லிமீட்டர் சதுரத்தில் நான்கு சில்லுகள். தங்கப் படலத்தின் தடிமனைச் சொல்லி, காகிதத்தில் பெருக்கிக் காட்டினேன். நான்கையும் சேர்த்தாலும் ஒரு கிராமில் லட்சத்தில் ஒரு பங்குகூட வராது. அந்தப் பெண் அதிகாரி கணக்கை வரிவரியாகச் சரிபார்த்தார். ஆய்வுக்கூடத்தின் கடிதத்தைப் படித்தார். பிறகு சில்லு ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, லால்குடியில் தங்கள் வீட்டு மூக்குத்தித் திருகில் தேய்ந்து போனதே இதைவிட அதிகமாக இருக்கும் என்று சிரித்தார். பெட்டியைத் திருப்பித் தரும்போது, உள்ளே பஞ்சு சரியாக இருக்கிறதா என்று அவரே ஒருமுறை பார்த்து மூடினார். நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது.

வெளியே வைதேகி நின்றிருந்தார். ஐம்பத்தெட்டு வயது இருக்கும். நூல் புடவை, தோளில் ஒரு துணிப்பை. "வாங்கோ, ரொம்ப நேரம் நிக்க வச்சுட்டாளா?" என்றார். கதையைச் சொன்னதும் டாக்சி பாலக்கரை தாண்டும் வரை சிரித்தார். அவர் வீடு ஸ்ரீரங்கத்தில். எனக்கும் பக்கத்துத் தெருவிலேயே ஒரு விடுதியில் அறை போட்டிருந்தார். காவிரிப் பாலத்தில் ஏறியதும் காற்று டாக்சியையே ஒரு பக்கமாகத் தள்ளியது. ஆற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போனது. எங்கள் ஊரிலும் ஒரு ஆறு இருக்கிறது. அதை அணை கட்டி, மட்டம் பார்த்து, சலனமில்லாமல் வைத்திருக்கிறோம். இப்படித் தன் இஷ்டத்துக்குப் போகிற ஆற்றைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கலவரமாகத்தான் இருக்கிறது.

மறுநாள் காலை விடுதிக்கு எதிரில் இட்லியும் கொத்சும் சாப்பிட்டேன். காப்பி வந்த டபராவைப் பார்த்து, இவ்வளவுதானா என்று நினைத்தேன். குடித்து முடித்ததும் இன்னொன்று சொன்னேன். சிங்கப்பூரில் இதைவிட மூன்று மடங்கு பெரிய கோப்பையில் தருவார்கள். அதை முடிப்பதற்குள் இங்கே ஒருவர் இரண்டு காப்பி குடித்து, பேப்பர் படித்து, அரசியல் பேசிவிட்டுப் போகிறார்.

கல்லூரி எடமலைப்பட்டி புதூர்ப் பக்கம். கார் அனுப்புகிறேன் என்று வைதேகி சொன்னதை மறுத்துவிட்டு, பஸ்ஸில் வருகிறேன் என்று வீரமாகச் சொல்லியிருந்தேன். சத்திரம் பஸ் நிலையம் வரை சரியாகப் போனேன். அங்கே இறங்கி, கண்டக்டர்கள் கூவுகிற கூவலில் எது என் பஸ் என்று தெரியாமல் ஒன்றில் ஏறிவிட்டேன். காசை நீட்டினேன். "லேடீஸுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லம்மா" என்று கண்டக்டர் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வெளிநாட்டுக்காரி நான், எனக்கும் இலவசமா என்று கேட்க நினைத்து, கேட்காமல் உட்கார்ந்தேன். அந்தச் சந்தோஷத்தில் ஊரைப் பார்த்துக்கொண்டே போனதில், காட்டூர் வந்தது. தஞ்சாவூர் ரோட்டில் இருக்கிறேன் என்று பக்கத்து இருக்கைப் பெண்மணிதான் சொன்னார். மதுரை ரோட்டுக்குப் போகவேண்டியவள் நான். அவரே இறங்கி, ஒரு ஆட்டோவை நிறுத்தி, நியாயமாகக் கேளுப்பா என்று டிரைவரை எச்சரித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிப் போனார்.

ஒரு மணி நேரம் தாமதமாக ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தேன். ஷமீமா எழுந்து நின்றார். முப்பத்தெட்டு வயது. காலையில் இளங்கலை வகுப்புகள் எடுத்துவிட்டு, மதியத்துக்கு மேல் ஏழு வருஷமாக இந்த ஆய்வைச் செய்துவருகிறார். பாலக்கரையில் வீடு. கணவர் ஷார்ஜாவில், இரண்டு பெண் பிள்ளைகள். இதெல்லாம் வைதேகி சொல்லித்தான் தெரியும். ஷமீமா அதிகம் பேசவில்லை. சிரிக்கவும் இல்லை. மேசையில் என் மதிப்பீட்டு அறிக்கை அச்செடுத்து வைக்கப்பட்டிருந்தது. 'கவிழ்த்து வைத்து அளந்ததை' என்ற வரிக்கு அடியில் பென்சிலால் கோடு.

இந்த இடத்தில் எங்கள் சண்டை என்ன என்று சொல்லிவிடுகிறேன். சின்ன சிலிக்கான் சில்லு ஒன்று. அதன்மேல் தங்கமும் கொஞ்சம் டாண்டலம் என்ற உலோகமும் கலந்த ஒரு படலம். அதற்கும் மேல் நிக்கலும் இரும்பும் கலந்த காந்தப் படலம். இரண்டும் சேர்ந்தே தலைமுடியின் பருமனில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு இராது. இதைப் பெரிய காந்தம் ஒன்றின் நடுவில் வைத்து மைக்ரோ அலையைச் செலுத்தினால், ஒரு குறிப்பிட்ட காந்தப்புலத்தில் படலத்தின் காந்தம் பம்பரம் மாதிரித் தலையாட்டும். அதைத்தான் ஒத்ததிர்வு என்கிறோம். கணினித் திரையில் அது ஒரு மேடாகத் தெரியும். பம்பரம் சீக்கிரம் ஓய்ந்தால் மேடு அகலமாகும். வெகுநேரம் ஆடினால் குறுகும்.

இப்போது அடியில் இருக்கும் தங்கப் படலத்தில் மின்சாரம் விட்டால், ஒரே பக்கமாகச் சுழலும் எலெக்ட்ரான்கள் பிரிந்து மேலே ஏறிக் காந்தப் படலத்துக்குள் போகும். அவை பம்பரத்தைத் தட்டிக் கொடுக்கும், இல்லை பிடித்து நிறுத்தப் பார்க்கும். எது நடக்கும் என்பது மூன்றைப் பொறுத்தது. மின்சாரம் எந்தத் திசை, காந்தப்புலம் எந்தத் திசை, அடியில் இருக்கும் உலோகம் என்ன. தங்கம் ஒரு பக்கம் தள்ளும். டாண்டலம் அதற்கு நேரெதிர். இரண்டையும் கலந்தால் யார் பக்கம் ஜெயிக்கும்? டாண்டலம் என்று நான் எழுதியிருந்தேன். அதுதான் என் கழித்தல் குறி. இரண்டு வெளிநாட்டுக் குழுக்கள் அதை நம்பி அடுத்த அடி எடுத்து வைத்திருந்தன. தங்கம்தான் என்கிறார் ஷமீமா.

முதலில் கவிழ்த்து வைத்த விவகாரத்தைப் பார்க்கவேண்டும் என்றேன். படலம் மைக்ரோ அலைக்கு அருகில் இருக்கவேண்டும் என்று சில்லைக் கவிழ்த்துத்தான் வைப்போம், அப்போது மேல் கீழாகிவிடும். அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் குறியும் மாறிவிடும். ஷமீமா ஒரு சில்லை எடுத்துக் காட்டினார். முதுகில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு சின்ன அம்புக்குறி. எந்தச் சில்லை எப்படிக் கவிழ்த்தாலும் மின்சாரம் எந்த முனையில் நுழைகிறது என்று அது சொல்லும். அதோடு நிற்கவில்லை. அதே சில்லை நிமிர்த்தி வைத்தும் அளந்திருந்தார். சமிக்ஞை மெலிந்து போயிருந்தது. அம்பைப் பார்த்துக் கணக்கிட்டதில் குறி மாறவில்லை. என் அறிக்கை கிடைத்த பிறகு இதையே பதினோரு சில்லுகளில் செய்திருந்தார். நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொன்றுக்கும் படம் போட்டிருந்தார். என் மாணவர்கள் யாரும் இவ்வளவு பொறுமையாகப் படம் போட்டு நான் பார்த்ததில்லை.

அந்தக் காந்தமும் ஒரு தனி விஷயம். பழைய மின்காந்தம். சுருள் கருகிப் போனபோது, புதிது வாங்க வழியில்லாமல், பாலக்கரையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையில் கொடுத்துக் கட்டி வாங்கியிருக்கிறார்கள். எங்களுடையதைவிட அமைதியாக ஓடுகிறது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு திருகு கழன்றாலும் தயாரித்தவர்களுக்கு எழுதிவிட்டு ஆறு வாரம் காத்திருப்போம்.

மூன்றாம் நாள் என் சில்லை அளப்பது என்று முடிவானது. என் கையால் செய்தது. என் ஆய்வுக்கூடத்தில் கழித்தல் குறி காட்டியது. அன்று வைதேகி அனுப்பிய காரில் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தேன். ஷமீமா அம்பு வரைந்தார், ஒட்டினார், கம்பிகளைப் பொருத்தினார். நான் ஒவ்வொரு கம்பியையும் தொட்டுப் பார்த்துச் சரி என்றேன். மின்சாரத்தை ஒரு திசையில் விட்டதும் மேடு குறுகியது. திசையை மாற்றினோம். அகன்றது. காந்தப்புலத்தைத் திருப்பினோம். எல்லாம் தலைகீழானது. எப்படி நடக்கவேண்டுமோ அப்படியே நடந்தது. கடைசியில், மின்சாரம் கூடக்கூட மேட்டின் அகலம் எப்படி மாறுகிறது என்று காட்டும் கோட்டை ஷமீமா வரைந்து முடித்தபோது, அது மேல்நோக்கி ஏறியது. கூட்டல் குறி.

சூடு காரணமாக இருக்கலாம் என்றேன். சொல்லும்போதே அது அர்த்தமில்லை என்று தெரியும். சூடு இரண்டு திசையிலும் ஒரே மாதிரிதான் அகலமாக்கும், குறியை மாற்றாது. ஷமீமா அதைச் சொல்லவில்லை. ஏ.சி.யை இன்னும் இரண்டு டிகிரி குறைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து அளந்தார். மறுபடியும் கூட்டல்.

மதியச் சாப்பாட்டைத் தன் வீட்டிலிருந்து எனக்கும் சேர்த்துக் கொண்டுவந்திருந்தார். நெய்ச்சோறு, மட்டன் குழம்பு, கத்தரிக்காய்ப் பச்சடி. சாப்பிடும்போதுதான் அவர் முதல்முறையாக வேலையைத் தவிர வேறு ஏதோ பேசினார். சிங்கப்பூரில் புரோட்டாவை வேறு பெயரில் சொல்வார்களாமே, சீனி தொட்டும் சாப்பிடுவார்களாமே, நிஜமா என்று கேட்டார். நிஜம்தான் என்றேன். சின்ன மகளிடம் சொன்னால் நாளைக்கே கேட்பாள் என்று லேசாகச் சிரித்தார்.

அன்று சாயங்காலம் வைதேகி வீட்டில் சாப்பாடு. அவர் கணவர் கோயிலுக்குப் பெருமாள் சேவைக்குப் போயிருந்தார். வாழை இலை போட்டு, சாத்தமுது, கறியமுது, திருக்கண்ணமுது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பரிமாறினார். ரசம், பொரியல், பாயசம் என்று எனக்கு நானே மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டேன். என்ன ஆச்சு என்று அவர் கேட்கவில்லை. கூட்டல்தான் வந்தது என்று நானே சொன்னேன்.

வைதேகி கரண்டியைக் கீழே வைத்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். உங்க ரிப்போர்ட் வந்தப்போ நான் அவகிட்ட, அந்த நாலாவது அத்தியாயத்தை எடுத்துடு, மீதி போதும், பட்டம் கிடைச்சுடும்னு சொன்னேன். ஒரு தடவை இல்லை, மூணு தடவை. நான் அடுத்த வருஷம் ரிடையர் ஆறேன். அதுக்கப்புறம் அவ வேற வழிகாட்டியைத் தேடணும். அந்தப் பயத்துல சொன்னேன். அவ முடியாதுன்னுட்டா."

பெரிய பேராசிரியை எழுதியிருக்கிறார் என்றதும் தன் மாணவியின் நோட்டைவிடத் தனக்கு அந்தக் கடிதம் பெரிதாகத் தெரிந்துவிட்டது என்றார். அந்தப் பெரிய பேராசிரியை திருக்கண்ணமுதை இலையில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

நான்காம் நாள் காலை ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும் ஷமீமா என் பழைய கட்டுரையைப் பிரித்து வைத்துக் காத்திருந்தார். ராத்திரி முழுக்க அதைத்தான் யோசித்திருக்கிறார் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு சந்தேகம். திசையெல்லாம் சரியா இருக்கான்னு பாக்க நீங்க முதல்ல சுத்தமான பிளாட்டினத்தை அளந்திருக்கீங்க. அது எல்லாருக்கும் தெரிஞ்ச குறிதான், சரியா வந்திருக்கு. அந்தப் பிளாட்டினத்தை எப்ப அளந்தீங்க, தங்கச் சில்லை எப்ப அளந்தீங்க?"

ஒரே வாரத்தில்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. என் பழைய ஆய்வுக்குறிப்புகளின் நகல் மடிக்கணினியில் இருந்தது. திறந்து பார்த்தோம். பிளாட்டினம் மார்ச் மாதம். தங்கச் சில்லுகள் ஜூலை. நடுவில், மே மாதப் பக்கம் ஒன்றில், என் கையெழுத்திலேயே ஒரு வரி இருந்தது. காந்தப்புலத்தை அளக்கும் உணர்கருவி பழுது, புதிது மாற்றப்பட்டது, பொருத்தியது நான்.

பக்கத்தில் இருந்த வைதேகியும் சேர்ந்து மூன்று பேரும் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் கருவி ஒரு சின்னத் தட்டைக் குச்சி மாதிரி இருக்கும். எந்த முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதை வைத்துத்தான் கூட்டல் கழித்தல் காட்டும். திருப்பிச் செருகினால், அளவு சரியாகவே காட்டும். திசையை மட்டும் மாற்றிச் சொல்லும். எங்கள் மற்ற வேலைகளுக்குக் காந்தப்புலத்தின் திசை தேவையே இல்லை. அளவு போதும். இந்த ஒரு ஆய்வுக்குத்தான் திசை வேண்டும்.

முதலில் இந்தப் பக்கத்தைச் சரிபார்த்துவிடலாம் என்று ஷமீமாதான் சொன்னார். கைப்பையைத் திறந்து, கிப்லா பார்க்கிற சின்னத் திசைகாட்டி ஒன்றை எடுத்தார். தொழுகைக்கு எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்று பார்க்க அதை வைத்திருக்கிறார். காந்தத்திலிருந்து நாலு எட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

"ரொம்பக் கிட்ட கொண்டுபோகக் கூடாது மேடம். போன வருஷம் ஒண்ணு கொண்டுபோய், அது முள்ளே மாறிப்போச்சு. அப்புறம் அது தெக்கைத்தான் வடக்குன்னு சொல்லிட்டிருந்துச்சு."

வைதேகி காந்தத்தை மெதுவாக முடுக்கினார். முள் திரும்பியது. கணினி காட்டிய திசைக்கும் முள் காட்டிய திசைக்கும் முரண்பாடில்லை. திருச்சிக் காந்தம் சரியாகத்தான் இருந்தது.

சிங்கப்பூரில் என் ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர் லிம்மை அழைத்தேன். கடைக்குப் போய் ஒரு திசைகாட்டி வாங்கிவந்து, எங்கள் காந்தத்திலிருந்து தள்ளி வைத்து, கூட்டல் புலத்தில் முடுக்கி, வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அந்த நேரத்தில் நான் என்ன யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடவேண்டும். சில்லுகள் ஆறு வருஷத்தில் கெட்டுப்போயிருக்கலாம் என்று எழுதலாமா என்று யோசித்தேன். யாரும் மறுக்க முடியாது. என் கட்டுரையும் நிற்கும், ஷமீமாவின் அத்தியாயமும் நிற்கும். அப்படி ஒரு வாக்கியத்தை மனதுக்குள் எழுதியும் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. அதனால்தான் பயமாக இருந்தது.

வீடியோ வந்தது. பதினெட்டு விநாடி. லிம்மின் விரல், மேசை, திசைகாட்டி. கணினி கூட்டல் என்று காட்டியது. முள் எதிர்ப்பக்கம் திரும்பியது. லிம் தாமாகவே கருவியையும் கழற்றிப் பார்த்திருந்தார். முன்பக்கக் குறி பின்பக்கம் இருந்தது. கீழே ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். அதன் தமிழ்: 'ஆறு வருஷமாக இப்படித்தான் இருந்திருக்கிறது, மன்னிக்கவும்.' மன்னிப்புக் கேட்கவேண்டியது அவரில்லை. பொருத்தியது நான்.

ஷமீமா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். சந்தோஷப்பட அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவர் போய் ஃபிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றிக்கொண்டு வந்தார். "குடிங்க மேடம்" என்று மட்டும் சொன்னார். வைதேகி ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். கண்ணைத் துடைத்துக்கொள்கிறார் என்று தெரிந்தது. வெளியே காற்றில் வேப்பமரம் ஒன்று இரண்டாக முறிந்துவிடும் போல ஆடிக்கொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் முழுவதும் எழுதினேன். முதல் கடிதம் என் கட்டுரை வெளியான இதழுக்கு. என் முடிவின் குறி தவறு, தங்கத்தின் பக்கமே சரி, கருவியைத் திருப்பிப் பொருத்தியது நான், இதைக் கண்டுபிடித்தவர் ஷமீமா. இரண்டாவது, என்னை நம்பி வேலை செய்த அந்த இரண்டு குழுக்களுக்கு. மூன்றாவது, ஷமீமாவின் ஆய்வேட்டுக்குப் புதிய மதிப்பீடு. அதில் நான்காவது அத்தியாயம்தான் ஆய்வேட்டின் சிறந்த பகுதி என்று எழுதினேன். மூன்றையும் ஷமீமாவிடம் காட்டினேன். முதல் கடிதத்தில் ஒரே ஒரு இடத்தைத் தொட்டார். 'இதைக் கண்டுபிடித்தவர் ஷமீமா' என்ற இடத்தில் வைதேகியின் பெயரையும் சேர்க்கவேண்டும் என்றார். வைதேகி வேண்டவே வேண்டாம் என்றார். நீங்கதானே மேடத்தைக் கூப்பிட்டீங்க, அவங்க வராம இருந்திருந்தா இது வெளியே வந்திருக்குமா என்று ஷமீமா கேட்டார். பெயரைச் சேர்த்தேன்.

சாயங்காலம் மூவரும் திருவானைக்கோவில் பக்கம் போய் நெய் தோசை சாப்பிட்டோம். ஷமீமாவின் மகள்களும் வந்தார்கள். சின்னவள் தோசைக்குச் சீனி கேட்டு வாங்கி, தொட்டுப் பார்த்துவிட்டு, சிங்கப்பூர்க்காரர்கள் பாவம் என்று தீர்ப்புச் சொன்னாள். எங்கள் ஊர் உணவு மையங்களில் தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் அபராதம். இங்கே இலையை எடுக்கப் போன என்னை சர்வர் கிட்டத்தட்டக் கோபித்துக்கொண்டார்.

ஆறாம் நாள் ஆடிப்பெருக்கு என்பதை நான் கவனித்திருக்கவே இல்லை. காலையிலேயே அம்மாமண்டபப் படித்துறைக்குப் போகிற கூட்டம் தெருவை அடைத்துவிட்டது. புதுப்பெண்கள், தட்டில் பழம், மஞ்சள் கயிறு, காதோலை கருகமணி. வரவேண்டிய டாக்சி பாலத்துக்கு அந்தப் பக்கமே நிற்கிறது, இந்தப் பக்கம் வண்டியை விடமாட்டேன் என்கிறார்கள் என்று டிரைவர் போன் செய்தார். மதியம் விமானம். என் பெட்டியை இழுத்துக்கொண்டு பாலத்தை நோக்கி நடந்தேன். நாலு பேர் என்னிடம் படித்துறைக்கு வழி கேட்டார்கள். ஐந்தாவது ஆளுக்கு நான் சரியாகச் சொன்னேன்.

பாலத்தின் இந்த முனையில் ஷமீமா ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். வைதேகி போன் செய்திருக்கிறார். பாலக்கரையிலிருந்து சந்து பொந்தெல்லாம் புகுந்து வந்திருக்கிறார். இரு சக்கர வண்டிகளை மட்டும் பாலத்தில் விட்டிருக்கிறார்கள். பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு ஹெல்மெட்டை என்னிடம் கொடுத்தார். முப்பது வருஷத்தில் இரு சக்கர வாகனத்தில் நான் ஏறியதில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். நல்லாப் பிடிச்சுக்கங்க என்றார்.

சுப்பிரமணியபுரம் தாண்டியபோது கூட்டம் குறைந்தது. முகம் பார்க்காமல் பேசுவது எளிதாக இருந்தது. வந்த நாளிலிருந்து கேட்க நினைத்ததைக் கேட்டேன். பேராசிரியரே மூன்று முறை சொல்லியும் அந்த அத்தியாயத்தை ஏன் எடுக்கவில்லை, எடுத்திருந்தால் போன வருஷமே பட்டம் வாங்கியிருக்கலாமே என்றேன்.

சிக்னலில் வண்டி நின்றது.

"விட்டுட்டா, இன்னொருத்தங்க எங்கேயோ இதே மாதிரி அளப்பாங்க மேடம். அவங்களுக்கும் கூட்டல்தான் வரும். உங்க பேப்பரைப் பாத்துட்டு, தன்கிட்டதான் தப்புன்னு நினைச்சுட்டு உக்காந்திருப்பாங்க. நான் ஒரு வருஷம் அப்படித்தான் உக்காந்திருந்தேன். பிள்ளைங்களுக்குச் சோறு ஊட்டறப்பக்கூட, எந்தக் கம்பியை மாத்திக் குடுத்தேன்னு யோசிச்சுட்டே இருப்பேன்."

பச்சை விழுந்தது. அவர் வண்டியை எடுத்தார். நான் ஐந்து நிமிஷத்தில் எழுதிய ஒரு வரி ஒருவருடைய சாப்பாட்டு நேரத்தில் ஒரு வருஷம் உட்கார்ந்திருக்கிறது. இதழுக்கு எழுதிய கடிதத்தில் அதைத் திருத்த இடமில்லை.

விமான நிலையத்து வாசலில் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியதும், மன்னிச்சுக்கங்க ஷமீமா என்றேன். கடிதங்களில் எழுதியது வேறு. இது வேறு. அவர் ஹெல்மெட்டை வாங்கிப் பூட்டிக்கொண்டே, "வந்து பாத்தீங்கல்ல மேடம்" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை வளர்க்க அவருக்கு விருப்பமில்லை என்று தெரிந்தது.

பெட்டியிலிருந்து சில்லுப் பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். இந்தியாவுக்குள் கஷ்டப்பட்டுக் கொண்டுவந்த தங்கம், திரும்பக் கொண்டுபோக மனமில்லை, உங்களிடமே இருக்கட்டும் என்றேன். அவர் வாங்கிக்கொண்டு உடனே கேட்டார். டாண்டலத்தை இன்னும் கூட்டினால் ஏதோ ஒரு இடத்தில் குறி மாறத்தானே வேண்டும், எத்தனை சதவீதத்தில் மாறும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?

முப்பது இருக்கலாம் என்றேன். அவ்வளவு கீழே இருக்காது, ஐம்பதைத் தாண்டும் என்றார் அவர். கைப்பையில் தேடி, விமானச் சீட்டின் பின்பக்கத்தில் நான் ஒரு கோடு வரைந்தேன். அவர் பேனாவை வாங்கி, அதற்கு மேல் தன்னுடைய கோட்டை வரைந்தார். இரண்டும் வேறு வேறு இடத்தில் பூஜ்யத்தை வெட்டின. சுற்றிலும் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்களின் குடும்பங்கள் பெட்டிகளோடு நெருக்கிக்கொண்டிருந்தன. வழியை விட்டுத் தள்ளி நின்று பேசுங்கம்மா என்று காவலர் ஒருவர் வந்து சொன்னார். நாங்கள் தள்ளி நின்று பேசினோம்.